டிஜிட்டல் படத்துக்குக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தோற்றம்: எடுப்பதிலிருந்து பிரிண்ட் வரை

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. தக்காளிச் சிவப்பில் புடவை கட்டிய அம்மா ஒருவர், பச்சை மாங்காய்க் குவியலை ஒட்டி உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறார். கலரில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். ஞாயிற்றுக்கிழமை எடிட்டிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் பயிற்சியாக இந்தப் படத்தைத்தான் கொடுப்பேன். பெரும்பாலானவர்கள் சாச்சுரேஷனைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டு, மேலே கொஞ்சம் கிரெயினை (ஃபிலிமில் தெரியும் மணிமணியான புள்ளிகளை) தூவிவிட்டு, முடிந்தது என்பார்கள். புடவையும் மாங்காயும் ஒரே சாம்பலாகிக் கிடக்கும். அந்த அம்மாவின் மடி எங்கே முடிகிறது, குவியல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

ஃபிலிம் தோற்றத்தில் பெரிய பங்கு, எந்த நிறம் எந்தச் சாம்பலாக மாறுகிறது என்பதற்குத்தான். அடுத்தது, வெள்ளையும் கறுப்பும் முடிகிற இடங்களில் வெளிச்சம் எப்படி அடங்குகிறது என்பது. கிரெயின் அதற்கப்புறம். வேலையையும் இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் பின்னால் செய்தது முன்னால் செய்ததைக் கெடுக்கும்; அந்த இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரா ஃபைல் வேண்டும், அதாவது சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல். ஜேபிஜி ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் ஒரு சேனல்) 256 படிகளைத்தான் வைத்திருக்கும். 12 பிட் ராவில் 4096, 14 பிட்டில் 16384. கறுப்பு வெள்ளையில் சேனல்களை நிறையவே இழுத்துக் கலக்கப் போகிறோம். படிகள் குறைவாக இருந்தால் வானமும் கன்னமும் பட்டை பட்டையாகப் பிரியும்.

மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை. டார்க்டேபிள், கிம்ப் இரண்டும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டார்க்டேபிள் 4.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும். கீழே சொல்லும் சிக்மாய்டு மாட்யூல் அதிலிருந்துதான் வந்தது. மாட்யூல் என்பது ஒரு வேலைக்கான தனிக் கருவி. லைட்ரூம் வைத்திருப்பவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம், பட்டன்களின் பெயர் மட்டும் மாறும். மெனுக்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் அவற்றின் பெயரை அதே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன்.

மானிட்டரின் பிரைட்னெஸைக் குறைத்துவிட்டு உட்காருங்கள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் இருக்கும் வெள்ளை அந்தத் தாளைவிடப் பளிச்சென்று தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டும். முழு பிரைட்னெஸில் திருத்திய படம் பிரிண்டில் இருட்டாகத்தான் வரும்.

2. எடுக்கும்போதே பாதி வேலை

கேமராவை ராவில் வைத்து, பிக்சர் ஸ்டைலை மோனோக்ரோமுக்கு மாற்றுங்கள். திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், ஃபைலில் நிறம் அப்படியே இருக்கும். நிறம் போனால் எது எதோடு கலக்கிறது என்பதை அங்கேயே பார்த்து, இரண்டடி தள்ளி நிற்கலாம்.

எக்ஸ்போஷரை வேட்டிக்குப் பாருங்கள். வெயிலில் நிற்பவரின் வெள்ளை வேட்டியோ, ஒகேனக்கல் அருவியின் நுரையோ ஒருமுறை எரிந்து வெறும் வெள்ளையாகிவிட்டால் அதில் மீட்க எதுவும் இருக்காது. நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தை நிறையவே தாங்கும், சென்சார் தாங்காது. அதனால் மூன்றில் ஒரு ஸ்டாப்போ மூன்றில் இரண்டு ஸ்டாப்போ குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

கிரெயின் தானாக வரட்டும் என்று ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை) 6400க்கு ஏற்றி எடுப்பவர்களைப் பார்க்கிறேன். சென்சார் நாய்ஸ், அதாவது படத்தில் தானாக வரும் வேண்டாத புள்ளிகள், இருட்டில்தான் மொய்க்கும். ஃபிலிம் பிரிண்டில் மணிகள் நடுச் சாம்பலில்தான் அதிகம் தெரியும். ஒன்று இன்னொன்றாக மாறாது. ஐஎஸ்ஓவை முடிந்தவரை குறைவாகவே வையுங்கள்.

3. முதலில் கலரைச் சரிசெய்யுங்கள்

“கறுப்பு வெள்ளை ஆக்கத்தானே போறோம், ஒயிட் பேலன்ஸ் எதுக்கு சார்?” என்று கேட்காத ஆள் இல்லை. மண்டிப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். அதன் வழியாக வரும் வெளிச்சம் அம்மாவின் முகத்திலும் கையிலும் நீலமாக இறங்கியிருக்கிறது. அடுத்த படியில் நீலச் சேனலைக் குறைக்கும்போது, தார்ப்பாய் நிழலில் இருக்கும் முகமும் சேர்ந்து இருண்டுவிடும். நிறத்தைச் சமன் செய்த பிறகு குறைத்தால் உண்மையிலேயே நீலமாக இருக்கும் பொருள் மட்டும் இருளும்.

டார்க்டேபிளில் கலர் காலிபரேஷன் மாட்யூலைத் திறந்து, அதன் பிக்கரால் படத்தில் நிறமில்லாத ஓர் இடத்தைத் தொடுங்கள். சிமெண்ட் தரை, வெள்ளைச் சாக்கு, தராசின் எவர்சில்வர் தட்டு, எதுவானாலும் சரி. அந்த இடம் பொருளின் மேல் விழும் அதே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் சாக்கைத் தொட்டு நிழலில் இருக்கும் முகத்தைச் சரிசெய்ய முடியாது.

பிறகு எக்ஸ்போஷர் மாட்யூலில் முகத்தை வேண்டிய வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து நாய்ஸ். நிறப் புள்ளிகளை முழுதாக நீக்குங்கள், வெளிச்சப் புள்ளிகளைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். நிறப் புள்ளிகள் மிச்சம் இருந்தால் சேனல் கலக்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாம்பலாகி, முகத்தில் தேமல் மாதிரி தெரியும்.

4. நிறத்தைச் சாம்பலாக்குவது

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். நான் ஒரு படத்தில் செலவிடும் நேரத்தில் பாதி இங்கேதான் போகும்.

கலர் காலிபரேஷன் மாட்யூலுக்கு இன்னொரு பிரதி உருவாக்குங்கள். மாட்யூலின் தலைப்பில் இருக்கும் மல்டிபிள் இன்ஸ்டன்ஸ் பொத்தானை அழுத்தி நியூ இன்ஸ்டன்ஸ் என்று கொடுத்தால் போதும். ஒயிட் பேலன்ஸ் செய்த அதே பிரதியில் கலக்காதீர்கள். அப்படிச் செய்தால் பின்னால் ஒன்றை மாற்றப் போய் இன்னொன்று கெடும். புதிய பிரதியில் அடாப்டேஷனை பைபாஸ் என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒயிட் பேலன்ஸ் இரண்டு முறை விழும்.

அதில் கிரே என்ற டேபுக்குப் போனால் ரெட், கிரீன், ப்ளூ என்று மூன்று ஸ்லைடர்கள் இருக்கும். ஒவ்வொரு நிறமும் கடைசிச் சாம்பலுக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுக்கிறது என்பதை இவைதான் முடிவு செய்யும். மூன்றின் கூட்டுத்தொகையும் 1 ஆக இருந்தால் படத்தின் மொத்த வெளிச்சம் மாறாது. நார்மலைஸ் சேனல்ஸை டிக் செய்தால் அதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

நம் கண் வெளிச்சத்தை உணரும் விதத்துக்கு ஏற்ற கணக்கு ஒன்று உண்டு: சிவப்பு 0.21, பச்சை 0.72, நீலம் 0.07. அங்கிருந்து தொடங்குங்கள். மண்டிப் படத்துக்கு நான் போன இடம் சிவப்பு 0.2, பச்சை 0.9, நீலம் -0.1. புடவை இருண்டது, மாங்காய் ஒவ்வொன்றும் தனித்தனியாக உருண்டு மேலே வந்தது. முகத்தின் சுருக்கங்களும் கை நரம்புகளும் தெளிவாக நின்றன.

அதே படத்தைத் தலைகீழாகவும் செய்து பாருங்கள். சிவப்பு 0.7, பச்சை 0.4, நீலம் -0.1. புடவை வெளுத்து முன்னால் வரும், மாங்காய் கறுத்துப் பின்னால் போகும், முகம் வழவழப்பாகிவிடும். கல்யாணப் பெண்ணின் முகத்துக்கு இது பொருந்தும். மண்டியில் காலையிலிருந்து உட்கார்ந்து காய் பிரிக்கும் அம்மாவுக்குப் பொருந்தாது. அந்தச் சுருக்கங்களுக்காகத்தான் அந்தப் படத்தையே எடுத்தேன்.

ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் மாட்டிய கலர் ஃபில்டர்களின் வேலையைத்தான் இந்த ஸ்லைடர்கள் செய்கின்றன. ஃபில்டர் தன் நிறத்தை வெளுக்கும், எதிர் நிறத்தை இருட்டாக்கும். மஞ்சள் ஃபில்டர் வானத்தை லேசாக இருட்டாக்கும், ஆரஞ்சு கூடுதலாக, சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவே ஆக்கிவிடும். பச்சை ஃபில்டர் இலைகளை வெளுக்கும். இந்த ஒரு விதி மனதில் இருந்தால் எந்த ஸ்லைடரை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தடுமாற வேண்டியதில்லை.

அதே மாட்யூலின் ப்ரிசெட் மெனுவில் இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ், ஃபூஜி அக்ராஸ் 100 என்று ஃபிலிம் பெயர்களிலேயே மோனோக்ரோம் ப்ரிசெட்கள் கிடைக்கும். தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஃபிலிம் எந்த நிறத்துக்கு எவ்வளவு மசிந்தது என்ற ஒன்றை மட்டுமே அவை தருகின்றன. கான்ட்ராஸ்டோ கிரெயினோ அதில் கிடையாது. ப்ரிசெட்டைத் தொட்டதும் ஃபிலிம் மாதிரி வரவில்லையே என்று விட்டுவிடுகிறவர்கள் கவனிக்காதது இதைத்தான்.

இங்கே வழக்கமாக நடக்கும் இரண்டு தவறுகள்:

முதலாவது, ஒகேனக்கல் வானத்தைக் கறுப்பாக்க நீலத்தை -0.5க்குக் கீழே இழுப்பது. நீலச் சேனலில்தான் பொதுவாக நாய்ஸ் அதிகம். அவ்வளவு இழுத்தால் வானம் முழுக்கப் புழுதி கிளம்பும், பாறை விளிம்புகளில் வெள்ளைக் கோடு ஓடும். -0.2 வரை போய் நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தை 6ஆம் படியில் செய்யலாம். இன்னொன்று, வானத்தில் நீலம் இருந்தால்தான் அது இருளும். சித்திரை வெயிலில் வெளுத்துக் கிடக்கும் வானம் எந்த ஃபில்டருக்கும் அசையாது. மழை பெய்து ஓய்ந்த பிறகு போய் எடுங்கள்.

இரண்டாவது, நிறமே இல்லாத பொருளில் இந்த ஸ்லைடர்களோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது. தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களை எடுத்து வந்த ஒரு தம்பி, என்ன கலக்கினாலும் மாறவே மாட்டேன் என்கிறது என்றார். சாம்பல் கல்லில் மூன்று சேனலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படிப்பட்ட படங்களில் இந்தப் படியை ஒரு நிமிடத்தில் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

5. வெள்ளையும் கறுப்பும் முடியும் இடங்கள்

சிக்மாய்டு மாட்யூலைப் போடுங்கள். ஃபில்மிக் ஆர்ஜிபி ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை, சேர்ந்து ஓடினால் படம் சப்பென்று ஆகிவிடும்.

சிக்மாய்டின் கோடு எஸ் வடிவம். நடுவில் செங்குத்தாக ஏறி, இரண்டு முனைகளிலும் மெல்ல வளைந்து அடங்கும். ஃபிலிமில் பதிந்து பேப்பரில் விழுந்த படமும் வெளிச்சத்துக்கு இப்படித்தான் நடந்துகொள்ளும். வேட்டியின் மடிப்பு வெள்ளையை நெருங்க நெருங்க மெதுவாகக் கரையும், திடீரென்று அறுந்து நிற்காது. கான்ட்ராஸ்டை 1.5இல் தொடங்கி 1.8, 2 வரை ஏற்றிப் பாருங்கள்.

இந்தப் படி சேனல் கலப்புக்குப் பிறகு வருவதற்குக் காரணம் இருக்கிறது. கலப்பை மாற்றினாலே கான்ட்ராஸ்ட் மாறிவிடும். கான்ட்ராஸ்டை முதலில் முடித்துவிட்டு அப்புறம் கலந்தால் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

பழைய படம் போல இருக்கட்டும் என்று கறுப்பைத் தூக்கிச் சாம்பலாக்கும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. மங்கிய பிரிண்டின் தோற்றம் அது. நன்றாகப் போட்ட டார்க்ரூம் பிரிண்டில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். படத்தில் எங்காவது ஓரிடம், முடியின் நிழலோ கூடைக்கு உட்புறமோ, உண்மையான கறுப்பைத் தொட வேண்டும். எங்காவது ஒரு சின்ன இடம் வெள்ளையைத் தொட வேண்டும். இரண்டும் இருந்தால்தான் நடுவில் இருக்கும் சாம்பல்களுக்கு உயிர் வரும்.

கிளாரிட்டி, லோக்கல் கான்ட்ராஸ்ட் இரண்டையும் இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். ஒவ்வொரு விளிம்பிலும் ஒளிவட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஃபிலிமுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

6. இடம் பார்த்து வெளிச்சம் கொடுப்பது

டார்க்ரூமில் கையாலும் அட்டையாலும் மறைத்து ஓரிடத்தை வெளுப்பாக்குவார்கள், இன்னோரிடத்துக்கு அதிக நேரம் வெளிச்சம் காட்டி இருட்டாக்குவார்கள். இங்கே எக்ஸ்போஷர் மாட்யூலின் புதிய பிரதி ஒன்றில் மாஸ்க் (மாற்றம் விழ வேண்டிய இடத்தைக் குறிக்கும் எல்லை) வரைந்து அதையே செய்கிறோம்.

நடுகல் படத்தில் இதைச் செய்து காட்டுகிறேன். வாளும் வில்லுமாக நிற்கும் வீரனின் உருவம் கல்லிலிருந்து விரலளவுதான் புடைத்திருக்கிறது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்த படமாக இருந்தால் புடைப்பின் ஓரத்தில் மெல்லிய நிழல்கோடு இருக்கும். வீரனின் மார்பையும் தோளையும் சுற்றி ஒரு நீள்வட்ட மாஸ்க் வரைந்து +0.3 ஸ்டாப் கொடுங்கள். கல்லின் நான்கு மூலைகளுக்கும் இன்னொரு மாஸ்க்கில் -0.4 கொடுங்கள். உருவம் கல்லை விட்டு வெளியே வரும். வெளிச்சம் நேராக விழுந்த படத்தில் இது பலிக்காது. தூக்கி எடுக்க அங்கே நிழலே இல்லை.

மாஸ்க்கின் விளிம்பை எவ்வளவு மென்மையாக வைக்க முடியுமோ அவ்வளவு மென்மையாக வையுங்கள். ஒரே மாஸ்க்கில் அரை ஸ்டாப்புக்கு மேல் போகாதீர்கள். முடித்ததும் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். திருத்திய இடம் தனியாகத் தெரிந்தால் பாதியாகக் குறையுங்கள்.

7. அளவைத் தீர்மானித்த பிறகே கிரெயின்

35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டம் 36 மி.மீ. அகலம். அதை 12 அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போட்டால் கிட்டத்தட்ட எட்டரை மடங்கு பெரிதாகிறது, மணிகளும் கூடவே பெரிதாகின்றன. அதாவது கிரெயினின் அளவு பிரிண்டின் அளவோடு கட்டுண்டது. 6000 பிக்சல் படத்தில் கிரெயின் போட்டுவிட்டு 1500க்குச் சுருக்கினால் நான்கு பிக்சலுக்கு நான்கு பிக்சல் சராசரியாகி, போட்ட கிரெயினில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். “நேத்து போட்ட கிரெயினைக் காணோம்” என்று வருகிறவர்கள் எல்லோரும் இந்த வரிசையைத்தான் மாற்றியிருப்பார்கள்.

டார்க்டேபிளிலிருந்து 16 பிட் டிஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து கிம்ப்பில் திறங்கள். கடைசி அளவுக்குச் சுருக்குங்கள், தேவையானால் லேசாக ஷார்ப்பன் செய்யுங்கள். அப்புறம்தான் கிரெயின். கிரெயினுக்குப் பிறகு ஷார்ப்பன் செய்தால் மணிகள் ஒவ்வொன்றும் மணலாகக் கடினப்பட்டுவிடும்.

புதிய லேயர் ஒன்று உருவாக்கி 808080 என்ற நடுச் சாம்பலால் நிரப்புங்கள். அதன் மேல் ஆர்ஜிபி நாய்ஸ் ஃபில்டரைப் போடுங்கள், இண்டிபெண்டன்ட் ஆர்ஜிபி என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் புள்ளிகள் கலர் கலராக வரும். பிறகு காசியன் ப்ளர், 0.6 முதல் 0.8 பிக்சல். டிஜிட்டல் புள்ளி சதுரமாகக் கூர்மையாக இருக்கும், இந்த ப்ளர் அதைக் கரைத்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்.

கடைசியாக லேயர் மோடை ஓவர்லே ஆக்கி, ஒபாசிட்டியை 30இலிருந்து ஏற்றிப் பாருங்கள். ஓவர்லேயில் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் மாறாது, நடுச் சாம்பலில்தான் மணிகள் விழும். அது நமக்கு வேண்டியபடியே அமைகிறது. எப்போதும் 100 சதவீதம் ஜூமில் பாருங்கள். குறுக்கிய காட்சியில் தெரியும் கிரெயின் உண்மையானதாக இருக்காது.

எவ்வளவு போதும்? அம்மாவின் கன்னத்தில் மணிகள் தெரிய வேண்டும், கண்ணிமை மயிரை அவை தின்றுவிடக் கூடாது. நான் அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன்.

8. சாயம்

செபியா வேண்டுமென்றால் மிகக் கொஞ்சமாக, நிழலில் மட்டும் வெதுவெதுப்பாகக் கொடுங்கள். படம் முழுக்கப் பழுப்பாக்கினால் 4ஆம் படியில் பிரித்த சாம்பல்கள் எல்லாம் மறுபடி ஒன்றாகிவிடும். பெரும்பாலான படங்களுக்கு நான் சாயமே போடுவதில்லை.

9. போனில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு

பல ஆண்ட்ராய்டு போன்களில் ப்ரோ மோடில் ரா எடுக்கலாம், டிஎன்ஜி என்று சேமிக்கும். ஸ்னாப்சீட் அதைத் திறக்கும். முதலில் அங்கே ஒயிட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும், பிறகு பிளாக் அண்ட் ஒயிட் கருவி. அதில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஃபில்டர் தேர்வு இருக்கிறது. 4ஆம் படியில் சொன்ன அதே விதிதான். கிரெயின் கடைசியில்.

போனின் சாதாரண ஜேபிஜியை எடுத்தால், போனே ஷார்ப்பன் செய்து நிழலைத் தூக்கி வைத்திருக்கும். அதன் மேல் கான்ட்ராஸ்டை ஏற்றும்போது விளிம்புகள் கத்தரித்து ஒட்டியது போலத் தெரியும். ஷார்ப்னஸை முதலிலேயே கொஞ்சம் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

10. அனுப்புவதும் பிரிண்ட் போடுவதும்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும், கிரெயின் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பிரிண்டுக்கு 12க்கு 18 அங்குலம் வசதியான அளவு. ஃபிலிம் சட்டத்தைப் போலவே 3க்கு 2 விகிதம், வெட்ட வேண்டியதில்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600க்கு 5400 பிக்சல். எஸ்ஆர்ஜிபியில், ஜேபிஜி குவாலிட்டி 95இல் கொடுங்கள்.

லேப்கள் பெரும்பாலும் கலர் பேப்பரில்தான் கறுப்பு வெள்ளையைப் போடுகின்றன. நான் ஒருமுறை 20 படங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லாமே லேசான பச்சை ஓடித் திரும்பி வந்தன. அங்கே ஆட்டோ கரெக்ஷன் போட்டு ஓட்டியிருக்கிறார்கள், நானும் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. இப்போது கவர் மேலேயே “கரெக்ஷன் வேண்டாம்” என்று எழுதிக் கொடுக்கிறேன். முதலில் ஒரே ஒரு படத்தை 4க்கு 6 அளவில் போட்டு வாங்குங்கள். கடை விளக்கில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பலில் பச்சையோ மெஜந்தாவோ தெரிந்தால் அந்தச் சின்னப் பிரிண்டையே கவுண்டரில் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். நிறம் சரியாக இருந்து படம் மட்டும் இருட்டாக வந்திருந்தால், மானிட்டர் பிரைட்னெஸை மறுபடி தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, எக்ஸ்போஷரைக் கால் ஸ்டாப் ஏற்றி, இன்னொரு 4க்கு 6 போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய அளவுக்குப் போங்கள்.